மெமரி கார்டின் மேல் இருக்கும் பொடி எழுத்துகள்

மெமரி கார்டு வாங்கப் போனால் நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். எத்தனை ஜிபி? என்ன விலை? கடைக்காரரும் அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து கேமராவில் போட்ட பிறகுதான் சிக்கல் தெரிகிறது. 4கே வீடியோ எடுக்கத் தொடங்கிய சில விநாடிகளில் பதிவு தானாக நின்றுவிடுகிறது. அல்லது பழைய கேமரா அந்தக் கார்டைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. ஜிபி எண் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பொடியாக அச்சிட்டிருந்த குறிகளைத்தான் நாம் படிக்கவில்லை.

256 ஜிபி, 512 ஜிபி, 1 டிபி என்று கொள்ளளவு ஏற ஏற இந்தக் குறிகளைப் படிக்க வேண்டிய அவசியமும் ஏறுகிறது. சின்னக் கார்டு மக்கர் செய்தால் சில நூறு படங்கள் போகும். பெரிய கார்டு மக்கர் செய்தால் ஒரு கல்யாணத்தின் முழுப் பதிவே போய்விடும். ஆகவே ஒரு கார்டைக் கையில் எடுத்து, அதன் மேல் இருப்பதைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்போம்.

இன்று எளிதாகக் கிடைக்கிற ஒரு 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டையே எடுத்துக்கொள்ளலாம். 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன். மேலே தயாரித்த நிறுவனத்தின் பெயர், அதற்குக் கீழே பெரிதாக 256 ஜிபி. ஓரத்தில் மைக்ரோ எஸ்டி சின்னம், அதையொட்டி 'எக்ஸ்சி' என்று இரண்டு எழுத்துகள், பக்கத்தில் வெறும் கோடு போலத் தெரியும் ரோமன் 1. அப்புறம் ஆங்கில 'யு' எழுத்தின் வயிற்றுக்குள் ஒரு 3, அடுத்து 'வி30', கடைசியாக 'ஏ2'. இவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

பிளாஸ்டிக் உறைக்குள் முக்கியமாக இரண்டு பொருள்கள். ஒன்று, தரவைத் தேக்கி வைக்கும் நாண்ட் ஃபிளாஷ் சிப். இன்னொன்று, அதை ஆளும் கன்ட்ரோலர். கன்ட்ரோலரை ஒரு குட்டிக் கணினி என்றே சொல்லலாம். கேமராவோ போனோ ஃபிளாஷ் சிப்புடன் நேராகப் பேசுவதே இல்லை. எல்லாப் பேச்சும் கன்ட்ரோலர் வழியாகத்தான். "உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கேமரா கேட்கும்; கன்ட்ரோலர் சொல்லும் பதிலை அப்படியே நம்பிக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போலிக் கார்டு மோசடி எப்படி நடக்கிறது என்பது வரை இதிலிருந்தே புரிந்துவிடும்.

ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. 1984-ல் அதன் முதல் வடிவத்தையும், 1987-ல் நாண்ட் வடிவத்தையும் அவரும் அவருடைய குழுவினரும் அறிவித்தார்கள். நுண்ணிய செல் ஒன்றுக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் அதன் அடிப்படை. சுற்றிலும் மின்கடத்தாப் பொருள் இருப்பதால் மின்சாரம் நின்றாலும் எலக்ட்ரான்கள் அங்கேயே தங்கிவிடும். கார்டைக் கழற்றிப் பையில் போட்டாலும் படம் அழியாமல் இருப்பது அதனால்தான்.

ஒரு செல்லை ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்பியிருக்கிறதா, காலியா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிட் தகவல் கிடைக்கும். அதே டம்ளரில் எட்டு மட்டங்களைப் பிரித்தறிய முடிந்தால் மூன்று பிட். பதினாறு மட்டங்கள் என்றால் நான்கு பிட். டம்ளர் அதேதான், கொள்வது மட்டும் நான்கு மடங்கு. ஆனால் பதினாறில் சரியான மட்டத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமென்றால் நிதானமாக ஊற்ற வேண்டும். துளி கசிந்தாலும் பக்கத்து மட்டத்துக்கு இறங்கிவிடும். செல்லிலும் இதுதான் நடக்கிறது. பிட் கூடக் கூட எழுதும் வேகம் குறைகிறது. எத்தனை முறை அழித்து எழுதலாம் என்ற வரம்பும் குறைகிறது. ஒரு பிட் வகை ஏறக்குறைய ஒரு லட்சம் முறை தாங்கும். மூன்று பிட் வகை ஆயிரம் முதல் சில ஆயிரம் முறைதான். நான்கு பிட் வகை அதைவிடக் குறைவு.

கொள்ளளவு இவ்வளவு பெருகியதற்கு இன்னொரு காரணம், செல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தொழில்நுட்பம். சாம்சங் 2013-ல் 24 அடுக்குகள் கொண்ட சிப்பைத் தயாரிக்கத் தொடங்கியது. இப்போது அடுக்குகள் 200-ஐத் தாண்டிவிட்டன. 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டு 2019-ல் வர முடிந்ததற்குப் பின்னால் இருப்பவை இவை இரண்டும்தான்.

256 என்று போட்டிருக்கிறது, 238 தெரிகிறதே?

புதுக் கார்டை விண்டோஸ் கணினியில் போட்டால் 238 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாந்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். கார்டு தயாரிப்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 25,600 கோடி பைட்டை இந்த எண்ணால் வகுத்தால் 238 சொச்சம். அளவுகோல்தான் வேறு, இடம் குறையவில்லை. 64 ஜிபி கார்டு 59.6 என்றும் 1 டிபி கார்டு 931 ஜிபி என்றும் தெரிவது இதே கணக்கில்தான்.

எக்ஸ்சி: என் சாதனம் இதை ஏற்குமா?

சான்டிஸ்க், பானாசோனிக், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1999-ல் எஸ்டி கார்டை அறிவித்தன. 2000-ல் இதற்கான விதிகளை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் உருவானது. முதலில் வந்த சாதாரண எஸ்டி 2 ஜிபி வரைதான். 2006-ல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை. 2009-ல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டிபி வரை; நம் கார்டில் இருக்கும் 'எக்ஸ்சி' இதைத்தான் குறிக்கிறது. 2018-ல் அறிவித்த எஸ்டியுசி 128 டிபி வரை போகலாம்.

புதிய சாதனத்தில் பழைய வகைக் கார்டு வேலை செய்யும். பழைய சாதனத்தில் புதிய வகைக் கார்டு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. காரணம் கம்பெனிகளின் பிடிவாதம் இல்லை. சாதாரண எஸ்டி கார்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி. எஸ்டிஎச்சியிலோ 512 பைட் கொண்ட ஒரு துண்டுக்கு ஒரு முகவரி. பழைய கேமராவுக்கு அந்த இரண்டாவது முறை தெரியாது. துளைக்குள் கார்டு கச்சிதமாக உட்கார்ந்தாலும் இருவருக்கும் பேச்சு ஒத்துப்போகாது.

எஸ்டிஎச்சிக்கும் எஸ்டிஎக்ஸ்சிக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையின் வித்தியாசம். எஸ்டிஎச்சி கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். எக்ஸ்சி கார்டு மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்டக்கூடாது. சில கேமராக்களில் நீளமான வீடியோ துண்டு துண்டாகச் சேமிக்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரங்களில் காரணம் இந்த எல்லைதான். எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தொல்லை இல்லை. 32 ஜிபி வரை மட்டுமே ஏற்கும் என்று எழுதியிருக்கும் சாதனத்தில், 64 ஜிபி கார்டை ஃபேட்32 ஆக மாற்றிப் போட்டால் சில நேரம் ஓடும். சும்மா பாட்டு கேட்க அப்படிச் செய்துகொள்ளலாம். முக்கியமான பதிவுக்கு அதை நம்பக்கூடாது. சாதனத்தின் கையேட்டில் அதிகபட்ச அளவு எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேகம்: அட்டையில் ஒன்று, கார்டில் ஒன்று

அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். அட்டைப்பெட்டியில் "190 எம்பி வரை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 'வரை' என்பதைக் கவனியுங்கள். அது உச்ச வேகம், அதுவும் பெரும்பாலும் கார்டிலிருந்து படிக்கும் வேகம். கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். ஒரு விநாடி பாய்ந்துவிட்டு அடுத்த விநாடி தவழ்ந்தால் வீடியோ நின்றுவிடும். ஆகவே நமக்கு வேண்டிய கேள்வி, "எவ்வளவு வேகமாகப் போகும்?" என்பதல்ல, "எவ்வளவுக்குக் கீழே இறங்காது?" என்பதுதான்.

அதற்குப் பதில் வி30. தொடர்ந்து எழுதும்போது விநாடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்பது அதன் பொருள். வி6, வி10, வி30, வி60, வி90 எல்லாமே இப்படித்தான்; எண்ணே குறைந்தபட்ச வேகம். 'யு'-க்குள் 3 இருந்தால் அதே 30, 1 இருந்தால் 10. வட்டத்துக்குள் 10 என்று இருப்பது இன்னும் பழைய குறி, அதுவும் 10 எம்பிதான். ஒரே கார்டில் மூன்று குறிகளும் இருப்பதற்குக் காரணம், வெவ்வேறு காலத்துச் சாதனங்களின் கையேடுகள் வெவ்வேறு குறிகளைக் கேட்பதுதான்.

சரி, எனக்கு எது போதும்? கேமராவின் மெனுவில் வீடியோ தரத்துக்குப் பக்கத்தில் 100 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மெகாபிட், மெகாபைட் அல்ல. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. வி30 கார்டு இதைத் தாராளமாகத் தாங்கும். அதே கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 256 ஜிபி கார்டில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம். 400 மெகாபிட்டில் எடுப்பவருக்கு விநாடிக்கு 50 எம்பி வேண்டும், அவர் வி60 வாங்கியாக வேண்டும். இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்தாலே தேவையில்லாமல் வி90-க்குச் செலவழிக்க மாட்டோம். வி90 கார்டின் விலையில் நல்ல வி30 கார்டுகள் பல வாங்கிவிடலாம். சாதாரண 4கே எடுப்பவருக்கு அந்த இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து.

அந்தக் கோடு போன்ற ரோமன் 1, கார்டுக்கும் சாதனத்துக்கும் இடையே உள்ள பாதையைக் குறிக்கிறது. யுஎச்எஸ் 1 என்ற இந்தப் பாதையில் விநாடிக்கு அதிகபட்சம் 104 எம்பி போகும். யுஎச்எஸ் 2 பாதையில் 312 எம்பி. மைக்ரோ அல்லாத பெரிய உருவ எஸ்டி கார்டாக இருந்தால் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகள் ஒரே வரிசையில் இருந்தால் யுஎச்எஸ் 1. அதற்குக் கீழே இரண்டாவது வரிசை ஒன்று இருந்தால் யுஎச்எஸ் 2. கேமராவின் துளைக்குள்ளும் அந்த இரண்டாவது வரிசைக்கான தொடுமுனைகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய கார்டு பழைய பாதையிலேயே ஓடும். கணினியில் படங்களை ஏற்ற வைத்திருக்கும் கார்டு ரீடருக்கும் இது பொருந்தும். "கார்டு ஸ்லோ" என்று திட்டுகிற பல இடங்களில் உண்மையில் ஸ்லோவாக இருப்பது ரீடர்தான். 104-தான் எல்லை என்றால் அட்டையில் 190 எப்படி வந்தது என்று கேட்கலாம். சில தயாரிப்பாளர்கள் விதிக்கு வெளியே தங்களுடைய சொந்த முறை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்கு ஏற்ற ரீடரில் போட்டால் மட்டுமே அந்த வேகம் வரும்.

ஏ2 என்ற குறி கேமராவுக்கு உரியதல்ல. போனில் ஆப்களைக் கார்டில் வைப்பவர்களும், ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினிகளைக் கார்டிலிருந்து இயக்குபவர்களும் பார்க்க வேண்டியது. வீடியோ ஒரே ஓட்டமாக வந்து விழும். ஆப்போ ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும், எழுதும். விநாடிக்கு 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் முடிந்தால் ஏ1. 4,000 முறை படிக்கவும் 2,000 முறை எழுதவும் முடிந்தால் ஏ2. ஆனால் ஏ2-வின் முழுப் பலன் கிடைக்க சாதனமும் அதற்கு ஆதரவு தர வேண்டும்.

எக்ஸ்பிரஸ் என்ற புது வகையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் சேமிப்புக்காக இருக்கும் எஸ்எஸ்டி பயன்படுத்தும் பாதையைக் கார்டுக்கும் கொண்டுவந்தது அது. 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-ல் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் வேண்டும், பழைய வகை உதவாது.

போலிக் கார்டு எப்படி ஏமாற்றுகிறது?

கன்ட்ரோலர் சொல்வதைச் சாதனம் நம்பும் என்று பார்த்தோம் அல்லவா? மோசடிக்காரர்கள் கை வைப்பது அங்கேதான். உள்ளே 32 ஜிபி சிப்தான் இருக்கும். ஆனால் "1 டிபி இருக்கிறது" என்று பதில் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி எழுதிவிடுவார்கள். போனும் 1 டிபி என்றே காட்டும். முதல் 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் வருவதை, ஒன்று பழைய படங்களின் மேலேயே எழுதும், இல்லையென்றால் எங்கேயும் எழுதாமல் விட்டுவிடும். கொடுமை என்னவென்றால், ஃபைல் பெயர்கள் அப்படியே வரிசையாகத் தெரியும். பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் அது பத்திரமாக இருக்கும். திறந்து பார்த்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியும். அதற்குள் பல மாதம் ஓடியிருக்கும்.

கார்டின் முகத்திலேயே சில போலிகளைப் பிடித்துவிடலாம். 'எக்ஸ்சி' என்று அச்சிட்டுவிட்டு 4 டிபி, 16 டிபி என்று போட்டிருந்தால் அது பொய். எக்ஸ்சியின் எல்லையே 2 டிபிதான் என்று மேலே பார்த்தோம். மற்றவற்றைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபார்மட் செய்து பார்ப்பதோ, எவ்வளவு இடம் என்று பார்ப்பதோ சோதனை ஆகாது. அந்தப் பதிலையும் கன்ட்ரோலர்தான் சொல்கிறது. கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. விநாடிக்கு 60 எம்பி எழுதும் 256 ஜிபி கார்டை நிரப்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பப் படிப்பதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

எத்தனை நாள் தாங்கும்?

படம் எடுத்து, நிரம்பியதும் கணினிக்கு மாற்றி, மறுபடி பயன்படுத்துகிறவருக்கு எழுதும் வரம்பு ஒரு கவலையே இல்லை. வாரம் ஒருமுறை முழுக் கார்டையும் நிரப்பினால்கூட ஆண்டுக்கு 52 தடவைதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் எல்லாச் செல்களுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதும் கன்ட்ரோலரின் பொறுப்பு.

காரில் வைக்கும் டேஷ்கேம் கதை வேறு. விநாடிக்கு 15 மெகாபிட்டில் பதிவு செய்தால் மணிக்கு 6.75 ஜிபி. நாளெல்லாம் ஓடும் டாக்ஸியில் பத்து மணி நேரத்தில் 64 ஜிபி கார்டு ஒருமுறை முழுதாக எழுதப்பட்டுவிடும். மறுநாள் அதை அழித்து மேலே எழுதும். ஆயிரம் முறை தாங்கும் கார்டு என்றால் மூன்று ஆண்டுக்குள் வரம்பு முடிந்தது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கொதிக்கும் சூடு அந்த நாளை இன்னும் முன்னால் இழுக்கும். இப்படிப்பட்ட வேலைக்கென்றே ஹை எண்டியூரன்ஸ் என்று எழுதிய கார்டுகள் இருக்கின்றன. டேஷ்கேமுக்கும் சிசிடிவிக்கும் அதை வாங்குங்கள். பெரிய கொள்ளளவு வாங்குவதும் உதவும்: 64-க்குப் பதில் 256 ஜிபி போட்டால் அதே பதிவு நான்கு மடங்கு இடத்தில் பரவி, ஒவ்வொரு செல்லும் நான்கில் ஒரு பங்கு வேலைதான் செய்யும். அப்படியே ஆனாலும் மாதம் ஒருமுறை கார்டை எடுத்துப் பதிவு உண்மையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். விபத்து நடந்த பிறகு வெறும் கார்டைப் பார்த்துப் பயனில்லை.

ஒரு பெரிய கார்டா, இரண்டு சின்னக் கார்டுகளா? போனிலோ விளையாட்டுச் சாதனத்திலோ கழற்றி மாட்டுவது தொல்லை, அங்கே ஒரே பெரிய கார்டு நல்லது. கல்யாணம், காதுகுத்து என்று திரும்ப நடக்காத நிகழ்ச்சியைப் படம் எடுப்பவருக்கு நான் இரண்டு சின்னக் கார்டுகளைத்தான் சொல்வேன். இரண்டு துளைகள் உள்ள கேமராவாக இருந்தால், ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதும் அமைப்பு மெனுவில் இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். அதேபோல ஃபார்மட் செய்வதைக் கணினியில் செய்யாமல், எந்தக் கேமராவில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே செய்யுங்கள். மைக்ரோ அல்லாத பெரிய உருவ எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டை நம்பி அஜாக்கிரதையாக இருக்க வேண்டாம். அது வெறும் பிளாஸ்டிக் நகர்வு. கார்டின் உள்ளே எதனுடனும் அதற்குத் தொடர்பு இல்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, எழுதாமல் இருக்க வேண்டியது சாதனத்தின் வேலை.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால் முதல் காரியம், கேமராவை அணைத்துக் கார்டை வெளியே எடுப்பது. 'டெலிட்' அழுத்தும்போது பெயர்ப் பட்டியலில் இருக்கும் குறிப்புதான் போகிறது, படம் பெரும்பாலும் செல்களிலேயே இருக்கும். அதன் மேல் புதுப் படம் விழாதவரை மீட்க வாய்ப்பு உண்டு. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கார்டைத் துழாவி அவற்றை எடுத்துத் தரும். எடுத்த படங்களைச் சேமிக்க இடம் கேட்கும்போது கணினியின் டிஸ்க்கைக் காட்டுங்கள். அதே கார்டைக் காட்டினால் மிச்சம் இருக்கும் படங்களின் மேலேயே எழுதிவிடும்.